புழுப்பாத்தியின் ஈரம்

வியாழக்கிழமை மதியம்
கடையிலிருந்து

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் சின்னக்குட்டியும் நல்லபடியாக இருக்கிறீர்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். இங்கே நானும் அம்மாவும் உடம்பளவில் நன்றாகவே இருக்கிறோம், அம்மாவுக்கு முழங்கால் வலி படி ஏறும்போது மட்டும் வருகிறது, இறங்கும்போது வருவதில்லை, அதாவது மாடியில் துணி காயப்போடும் நேரத்துக்குச் சரியாக வந்து என்னை அனுப்பிவிட்டுப் போய்விடுகிறது. எனக்கு இரண்டு பல் ஆடுகிறது. மற்றபடி குறை ஒன்றும் இல்லை என்று எப்போதும் எழுதுவேன், இந்தத் தடவை அந்த வரியை எழுதக் கை வரவில்லை. ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் பொறு. எனக்கு எதையும் நேராகச் சொல்ல வராது, ஒரு தூண்டில் முள்ளை விற்கவே மீன் பிறந்த கதையிலிருந்து ஆரம்பிக்கிற மனுஷன் என்று அம்மா சொல்வது உனக்குத் தெரியும். ஆனாலும் ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நடுவில் யாராவது கூப்பிட்டு நீ கடிதத்தை மடித்து வைத்துவிட்டாலும் இந்த வரி உன் கண்ணில் பட்டிருக்கவேண்டும். பதினான்காம் தேதி குழந்தையோடு நம் வீட்டுக்கு வராதே.

மாப்பிள்ளை கேட்டதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மாமனார் தன் கதையையே எழுதித் தீர்த்தார் என்று நினைப்பார். வேலையிடத்து ஆட்களோடு மீன் பிடிக்கப் போகிறார், நல்லது, வாரம் முழுக்கக் கம்ப்யூட்டரைப் பார்க்கிற கண்ணுக்குத் தண்ணீர் நல்லது. ஆனால் கடையில் தொங்குகிற பளபளப்பான ரீலைப் பார்த்து மயங்க வேண்டாம் என்று சொல். முதல் வருஷத்துக்கு ரீலே வேண்டாம். அவர் உயரத்துக்கு இரண்டு மடங்கு நீளத்தில் லேசான கம்பு ஒன்று போதும், நுனி வளையவேண்டும், அடி வளையக்கூடாது, கடையிலேயே நுனியைச் சுவரில் மெல்ல அழுத்திப் பார்த்து வாங்கட்டும். தூண்டில் நரம்பு மெல்லியதாக இருக்கட்டும், தடித்த நரம்பு போட்டால் பெரிய மீன் வரும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள், மீனுக்கு என்ன கண் இல்லையா, கயிறு தொங்குவதைப் பார்த்துவிட்டு அது பாட்டுக்குப் போய்விடும். முள் வாங்கும்போது நம்பர் ஏற ஏற முள் சின்னதாகும் என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொல், பத்தாம் நம்பர் வாங்கினால் சரியாக இருக்கும். சின்ன முள்ளில் பெரிய மீனும் மாட்டும், பெரிய முள்ளில் சின்ன மீன் மாட்டாது, முதல் நாளே வெறுங்கையோடு வந்து நின்றால் நீ வேறு சிரிப்பாய். தக்கை பென்சில் மாதிரி ஒல்லியாக இருக்கவேண்டும், அதன் நுனி மட்டும் தண்ணீருக்கு மேலே தெரிகிற அளவுக்கு ஈயக்குண்டு போட்டால் போதும், குண்டை இடுக்கியால் அழுத்தட்டும், பல்லால் கடிக்கவே கூடாது, எனக்குப் பல் ஆடுவதற்கு அதுதான் காரணம் என்று அம்மா வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். ஏரிக்குப் போனதும் உடனே முள்ளைப் போடாமல் கால் மணி நேரம் சும்மா உட்கார்ந்து தண்ணீரைப் பார்க்கச் சொல். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, தக்கை எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்கட்டும். இரண்டும் எதிரெதிராக இருந்தால் என்ன என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

இரை விஷயத்தில்தான் எல்லோரும் தப்புப் பண்ணுகிறார்கள். நமக்கு எது நல்லதாகத் தெரிகிறதோ அதை மாட்டக்கூடாது, அந்த மீனுக்கு எதைக் கண்டால் சும்மா இருக்க முடியாதோ அதைத்தான் மாட்டவேண்டும். கெண்டைக்கு ரொட்டித்தூளைப் பிசைந்த மாவு உருண்டை, கொஞ்சம் சிவப்புப் பொடி சேர்த்தால் கலங்கிய தண்ணீரிலும் கண்ணில் படும். கெளுத்திக்குக் கோழி ஈரல், நாற்றம் கொஞ்சம் இருந்தால் அதற்குக் கொண்டாட்டம். எது என்று தெரியாத தண்ணீரில் மண்புழு, அதை வேண்டாம் என்கிற மீனை நான் பார்த்ததில்லை. புழுவை முழுக்க முள்ளில் சுருட்டி ஏற்றிவிடாமல் வாலைக் கொஞ்சம் விட்டுவைக்கவேண்டும், அது துடிக்கிற துடிப்பில்தான் மீன் வரும். டப்பாவில் ஈரமண் போட்டு, மூடியில் ஓட்டை போட்டு, நிழலில் வைக்கட்டும். மண் ஈரமாக இருக்கவேண்டுமே தவிரச் சொதசொதவென்று இருக்கக்கூடாது, தண்ணீர் அதிகமானால் புழுவுக்கு மூச்சு முட்டும், மண்ணை விட்டு மேலே ஏறி வந்துவிடும். இதை நான் இந்தக் கடை மேசையில் நின்று ஆயிரம் பேருக்குச் சொல்லியிருக்கிறேன் பாப்பா. சொல்லிக்கொண்டே இருந்தவனுக்குத் தன் வீட்டுப் பின்னால் நடந்தது இரண்டு மாதமாக உறைக்கவில்லை.

நம் புழுப்பாத்தி உனக்குத் தெரியும், ஏரிக்கரையின் வெளிப்பக்கம், கரை சரிந்து வந்து தரையைத் தொடுகிற இடத்தில், நம் சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தால் தெரியும், நடந்தால் அறுபது தப்படி. மழை நின்றால் அந்த மண் பாளம் பாளமாக வெடித்துவிடும், ஒவ்வொரு வருஷமும் வெயில் முழுக்க நான் தினமும் நாலு குடம் சுமந்து ஊற்றித்தான் புழுவைக் காப்பாற்றுவேன். இந்த வருஷம் மழை நின்று இரண்டு மாதம் ஆகியும் பாத்தி காயவில்லை. குடம் தூக்காமலே கைப்பிடி மண்ணுக்கு ஏழெட்டுப் புழு, ஒவ்வொன்றும் சுண்டுவிரல் தடிமன். எனக்குத் தலைகால் புரியவில்லை, என் கைராசி என்று கடைக்கு வந்தவர்களிடம் எல்லாம் பீற்றிக்கொண்டேன். அந்தச் சமயத்தில்தான் கரையைப் பார்வையிடப் பொதுப்பணித்துறை அலுவலகத்திலிருந்து ஓர் இளம் இன்ஜினியர் ரிஜிஸ்டரைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஏரி விளிம்புவரை நிறைந்து நிற்கிறது, கோடைக்குச் சேமிக்கிறார்கள், அதனால் கரை முழுக்க நடந்து பார்க்கவேண்டுமாம். பாத்திக்கிட்டே வந்ததும் நின்று, ஷூவால் மண்ணை அழுத்திப் பார்த்து, “என்ன பெரியவரே, இங்க மட்டும் இவ்வளவு ஈரமா இருக்கு?” என்று கேட்டார். எனக்குப் பகீர் என்றது. கசிவு என்று அவர் எழுதினால் வேலி போடுவார்கள், பாத்தி போய்விடும், இத்தனை வருஷம் யாரும் கேட்காமல் கரை நிலத்தில் பாத்தி போட்டது வெளியே வரும். நான் யோசிக்கக்கூட இல்லை, “நான்தான் சார் தினமும் தண்ணி ஊத்துறேன், புழுவுக்கு” என்றேன். அவருக்கும் நிம்மதி, கசிவு என்றால் நீளமாக அறிக்கை எழுதவேண்டும் அல்லவா. “புழு வளர்ப்புக்காகக் கடைக்காரர் ஊற்றும் நீர், கசிவு இல்லை” என்று எழுதி அவர் கையெழுத்துப் போட்டார், கீழே என்னையும் போடச் சொன்னார். நான் போட்டேன், கீழே கோடு இழுத்து இரண்டு புள்ளியும் வைத்தேன். இன்ஜினியர் என் வீட்டுக்காரரைக் கேட்டுத்தான் எழுதினார் என்று அம்மா தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தாள். இந்த வருஷம் நான் பாத்திக்கு ஒரு குடம் தண்ணீர்கூட ஊற்றியிருக்கவில்லை.

இனித் தையல்காரர் விஷயம். சாலையோரம் கடை வைத்திருக்கிறாரே, நீ இங்கே இருந்தபோது உன் பள்ளிச் சட்டைக்குப் பொத்தானை மாற்றி மாற்றித் தைத்தவர், அவருக்கு இப்போது மீன் பைத்தியம். தினமும் காலையில் கரை மேல் ஒரே கல்லில் உட்காருவார். ஒரு நாள் வந்து ஈயம் பத்தவில்லை அண்ணே, தக்கை ஓரிடத்தில் நிற்கமாட்டேன் என்கிறது என்றார். அதைவிடப் பெரிய குண்டாகக் கொடுத்தேன். நாலு நாளில் திரும்பவும் வந்தார், அதையும்விடப் பெரியது கொடுத்தேன். அவர் தக்கை காற்றுக்கு எதிராகக் கரைப் பக்கமே வருகிறது என்று சொன்னபோதும் நான் பெரிய வாத்தியார் மாதிரி விளக்கினேன், மேலே தண்ணீர் காற்றோடு போனால் அடியில் எதிர்ப்பக்கம் திரும்பும், அந்த இழுப்புத்தான் உன் தக்கையை இழுக்கிறது, உனக்குக் கம்பு பிடிக்கத் தெரியவில்லை என்றேன். அது பொய் இல்லை, பெரிய ஏரிகளில் அப்படி நடக்கும். பிறகு போன வாரம் அவர் அறுந்த நரம்போடு வந்து நின்று, “அண்ணே, இன்னைக்குக் காத்தே இல்லண்ணே, அப்பவும் இழுக்குது” என்றார். அப்போதுதான் கடையைப் பூட்டிவிட்டு அவரோடு போனேன். தண்ணீர் கண்ணாடி மாதிரி அசையாமல் கிடந்தது. என் தக்கையைப் போட்டேன், அது மெதுவாக, யாரோ கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போவது போல, கரையை நோக்கி வந்து ஓரிடத்தில் நின்று தலையைக் கவிழ்த்துக்கொண்டு உள்ளே போய்விட்டது. மீன் இழுத்தால் எப்படி இழுக்கும் என்று எனக்குத் தெரியாதா, இது மீன் இல்லை. நான் எழுந்து திரும்பி, கரை உச்சியில் நின்று வெளிப்பக்கம் பார்த்தேன். அந்தக் கல்லுக்கு நேர் கீழே நம் புழுப்பாத்தி, அதற்கு நேர் பின்னால் நம் சமையலறை ஜன்னல், அம்மா உள்ளே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். கரையின் அந்தப் பக்கத்துக்கு ஈயமும் இந்தப் பக்கத்துப் புழுவும் நான்தான் விற்றேன், ஒரே மேசையில், ஒரே காலையில், இரண்டையும் சேர்த்து ஒரு தடவைகூட யோசிக்கவில்லை.

இருந்தாலும் மனசு கேட்கவில்லை, சோதித்துப் பார்த்துவிடலாம் என்று மாவுக்குப் போடுகிற சிவப்புப் பொடியை இரண்டு கை அள்ளித் துணியில் முடிந்து, உள்ளே பெரிய ஈயக்குண்டாக ஒன்றை வைத்து, தக்கை மூழ்கின இடத்தில் இறக்கிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணி. சாயங்காலம்வரை பாத்தியில் ஒன்றும் தெரியவில்லை, அப்பாடா என்று வீட்டுக்கு வந்து வயிறு நிறையச் சாப்பிட்டேன், அம்மாகூட என்ன இன்றைக்கு இவ்வளவு சிரிப்பு என்று கேட்டாள். திங்கட்கிழமை காலை பாத்தியில் குழி பறித்துக் கண்ணாடி ஜாடியில் தண்ணீர் மொண்டேன். இருமல் மருந்து மாதிரி இளஞ்சிவப்பாக இருந்தது. அந்த ஜாடியைக் கொண்டுவந்து கடை அலமாரியில் வைத்தேன், அன்றிலிருந்து தினமும் ஒரு ஜாடி மொண்டு பக்கத்தில் வைத்துக்கொண்டு வருகிறேன். முதல் ஜாடி மேலே தெளிந்து அடியில் ஒரு விரல் மண் படிந்தது. செவ்வாய்க்கிழமை ஜாடியில் இரண்டு விரல். தெளிந்த தண்ணீர் கசிந்தால் கரை வெறுமனே வேர்க்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம், மண்ணோடு வந்தால் கரை உள்ளுக்குள்ளே கரைந்துகொண்டிருக்கிறது, இதற்குப் படிப்பு வேண்டாம், ஜாடியைப் பார்த்தாலே போதும்.

நேற்று நல்ல சட்டையாகப் போட்டுக்கொண்டு ஜாடிகளைப் பையில் வைத்துக்கொண்டு அலுவலகம் போனேன். வரிசையில் ஒரு மணி நேரம் நின்றேன். அந்த இளம் இன்ஜினியர்தான் இருந்தார், பெரிய இன்ஜினியர் வெளியூர், திங்கட்கிழமைதான் வருவாராம். நான் அன்றைக்குச் சொன்னது பொய் சார், நான் தண்ணீரே ஊற்றவில்லை என்று சொன்னேன். அவர் ரிஜிஸ்டரை எடுத்து விரித்து என் பக்கம் திருப்பினார். என் கையெழுத்து என்னைப் பார்த்துச் சிரித்தது. ஜாடியைக் காட்டினேன், சிவப்புப் பொடியைப் பற்றிச் சொன்னேன். அவர் ஜாடியைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, “உங்க கடைப் பொடி, உங்க பாத்தி, உங்க ஜாடி. இதை வச்சு நான் என்னன்னு எழுதறது பெரியவரே?” என்றார். அவர் சொன்னதும் நியாயம்தான், கை கழுவின தண்ணீரைப் பாத்தியில் கொட்டினால்கூட அந்த நிறம் வரும், நான் வேறு ஒரு தடவை பொய் சொன்னவன். மனு எழுதிக் கொடுக்கச் சொன்னார், கொடுத்தேன், முத்திரை குத்தி வாங்கிக்கொண்டார், பெரிய இன்ஜினியர் வந்ததும் பார்ப்பாராம். அவரை நான் திட்டமாட்டேன். ரிஜிஸ்டரை மூடும்போது என் பெயருக்கு மேலே இருந்த தன் கையெழுத்தை அவர் ஒரு கணம் பார்த்ததைக் கவனித்தேன். எங்கள் இரண்டு பேர் தூக்கத்தையும் அந்த ஒரு வரி தின்கிறது, வித்தியாசம் என்னவென்றால் அவர் வீடு கரைக்குக் கீழே இல்லை.

திரும்பி வந்ததும், ஏரித் தண்ணீரைத் திறந்துவிடுகிற மதகுக்காரரைப் பிடித்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் நம்பினார். பாத்தியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து உள்ளங்கையை மண்ணில் வைத்துக் கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். தண்ணீரைக் கொஞ்சம் திறந்துவிட்டால் பாரம் குறையுமே என்று கெஞ்சினேன், “ஆர்டர் இல்லாம மதகுச் சக்கரத்தைத் தொட்டா என் வேலை போயிடும், நாளைக்கு அதிகாரிகிட்ட கேட்டுப் பார்க்கறேன்” என்றார். தெருவில் யாரிடமும் அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் நேற்றுச் சாயங்காலமே அவர் வீட்டுப் பெட்டி படுக்கை எல்லாம் ஒரு வேனில் ஏறியது, மனைவி பிள்ளைகளை மாமியார் வீட்டுக்கு அனுப்பிவிட்டார், ஏதோ விசேஷம் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்களாம். அதைப் பார்த்ததிலிருந்து எனக்கு இருந்த கொஞ்ச நஞ்ச சந்தேகமும் போய்விட்டது. இன்று காலை சலூனில் நாலு பேர் இருக்கும்போது எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னேன், பொய் சொன்னதையும் சேர்த்துத்தான். தெருவில் நாற்பது வீடு இருக்கிறது பாப்பா, சொல்லாமல் எப்படி இருப்பேன். சிரித்தார்கள். இன்ஜினியரே வந்து பார்த்துக் கசிவு இல்லை என்று எழுதிவிட்டுப் போயிருக்கிறார், உங்களுக்கு என்ன வந்தது என்றார்கள். என் பொய்யை எடுத்து எனக்கே சமாதானம் சொல்கிறார்கள். சலூன்காரர் கத்தியைத் தீட்டிக்கொண்டே, “அண்ணே, அன்னைக்குச் சொன்னது பொய்யா, இன்னைக்குச் சொல்றது பொய்யா? ஒண்ணை முடிவு பண்ணிட்டு வாங்க” என்றார். மறுபடியும் எல்லோரும் சிரித்தார்கள். நானும் அசட்டுச் சிரிப்பு சிரித்துவிட்டு வெளியே வந்தேன், அதை நினைத்தால்தான் எனக்கு இன்னும் ஆத்திரமாக வருகிறது. தையல்காரர் மட்டும் வீடு வீடாகப் போய்ச் சொல்கிறேன் என்று கிளம்பியிருக்கிறார், கடிதத்தைத் தபாலில் சேர்த்ததும் நான் தெருவின் அந்தக் கோடியிலிருந்து ஆரம்பிக்கப்போகிறேன்.

அம்மாதான் அசையமாட்டேன் என்கிறாள். உன் சித்தி வீடு மேட்டில் இருக்கிறது, நாலு நாள் அங்கே இருக்கலாம் வா என்றால், “பொண்ணும் பேத்தியும் வர்ற நேரத்துல வீட்டைப் போட்டுட்டு நான் எங்க வர்றது, உங்களுக்குப் புழுவைப் பார்த்துப் பார்த்துப் புத்தி மண்ணாப் போச்சு” என்கிறாள். கையைப் பிடித்து இழுத்துக்கூடப் பார்த்தேன், முழங்கால் வலிக்கிறது என்று உட்கார்ந்துகொண்டாள். நான் பொய் சொன்னதை அவளிடம் என் வாயால் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை, இந்நேரம் சலூனிலிருந்து யாராவது போய்ச் சொல்லியிருப்பார்கள், அந்தக் கோபத்தில் இன்னும் பிடிவாதம் பிடிப்பாள். பின்பக்கத்து அறையைச் சின்னக்குட்டிக்கு என்று ஒழித்து வைத்திருக்கிறாள், ஜன்னலுக்கு மஞ்சள் பெயிண்ட் அடித்தாயிற்று. கரையைப் பார்த்த ஜன்னல். கடை கரைக்கோடியில் மேட்டில் இருப்பதால் இங்கிருந்து நம் மொட்டை மாடி தெரிகிறது, இதை எழுதும்போதே அவள் குழந்தைக்கு வாங்கின மெத்தையைத் தூக்கி வந்து வெயிலில் போடுகிறாள், வலி எங்கே போயிற்று என்று தெரியவில்லை. நான் மேட்டில் உட்கார்ந்துகொண்டு அவளைப் பள்ளத்தில் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அதனால் உன்னிடம் கேட்கிறேன். மேலே மாப்பிள்ளைக்கு எழுதினதை நீயும் படித்திருப்பாய், எதைக் கண்டால் சும்மா இருக்க முடியாதோ அதுதான் இரை. உன் அம்மாவை அந்த வீட்டிலிருந்து வெளியே கொண்டுவர என் கையில் இருக்கிற எதற்கும் அவள் மசியமாட்டாள், அழுதாலும் மிரட்டினாலும் மசியமாட்டாள். அவளுக்கு நீயும் குழந்தையும்தான். இந்தக் கடிதம் விரைவுத் தபாலில் சனிக்கிழமை காலை உன் கையில் கிடைக்கும் என்று சொல்லியிருக்கிறார்கள், கிடைத்த நிமிஷம் அம்மாவுக்குப் போன் பண்ணு. பயணத்தை முன்னால் மாற்றிவிட்டேன், ஞாயிற்றுக்கிழமையே வருகிறேன், குழந்தைக்குச் சளி, ஈரம் ஆகாது, நேராகச் சித்தி வீட்டுக்குத்தான் வருவேன், நீ இன்றைக்கே அங்கே போய் அறையைத் தயார் பண்ணு என்று சொல். மெத்தையைத் தலையில் தூக்கிக்கொண்டு ஓடுவாள். பொய் சொல்லச் சொல்கிறேனே என்று நினைக்காதே, நான் சொன்ன பொய்யால் அவளை அந்த வீட்டில் உட்காரவைத்திருக்கிறேன், இந்தப் பொய்யாவது அவளைக் கிளப்பட்டும். நீ வராதே, வருகிறேன் என்று மட்டும் சொல். இதைப் போனிலேயே சொல்லித் தொலைத்திருக்கலாம் என்று கேட்பாய். தையல்காரர் கடையிலிருந்து செவ்வாய்க்கிழமை ஒரு தடவை, நேற்று ஒரு தடவை உன்னைக் கூப்பிட்டு முள் நம்பரைப் பற்றிப் பத்து நிமிஷம் பேசினேனே, இதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன் பாப்பா. நீ ஹலோ அப்பா என்றதும் வாய் முள் நம்பருக்குப் போய்விட்டது. உன் குரலைக் கேட்டுக்கொண்டு என்னால் சொல்ல முடியவில்லை, காகிதத்தில் சொல்ல முடிகிறது.

இன்னும் ஒன்று சொல்லவேண்டும், சொல்லாமல் விட்டால் இதுவும் இன்னொரு பொய் ஆகிவிடும். இன்று காலை நான் பாத்திக்குப் போனபோது புழு எல்லாம் மண்ணை விட்டு வெளியே வந்து கிடந்தது. நல்ல வெயிலில், தெருவுக்குப் போகிற சிமெண்டுப் பாதை நெடுக, காலை வைக்க இடமில்லாமல், எல்லாம் வீடுகள் பக்கமாகவே ஊர்ந்துகொண்டிருந்தது. மண்வெட்டியால் பாத்தியை முழங்கால் ஆழம் வெட்டிப் பார்த்தேன், ஒரு புழு இல்லை. இன்றைய ஜாடி என் முன்னால் மேசைமேல் இருக்கிறது. காலை ஏழு மணிக்கு மொண்டது, இப்போது மணி இரண்டு, இன்னும் தெளியவில்லை.

மாப்பிள்ளைக்கு என் ஆசிகள், பத்தாம் நம்பர் முள்ளை மறக்கவேண்டாம் என்று சொல், ஏரிக்கரையில் தக்கை காற்றுக்கு எதிராகப் போனாலும் காற்றே இல்லாமல் போனாலும் ஈயத்தைக் கூட்டாமல் எழுந்து போய் யாரிடமாவது சொல்லச் சொல். சின்னக்குட்டியின் இரண்டு கன்னத்திலும் தாத்தா கொடுத்ததாக முத்தம் கொடு. நீ தீர்க்காயுசாக, மனசில் எந்தப் பாரமும் இல்லாமல், வயிறு நிறையச் சாப்பிட்டு நன்றாகத் தூங்கி, பிள்ளை குட்டிகளோடு நீண்ட காலம் நல்லா இருக்கவேண்டும். அம்மா என்மேல் கோபமாக இருந்தால் நீதான் ஆற்றவேண்டும். சனிக்கிழமை போன் பண்ண மறக்காதே, வீட்டில் மணி அடித்து யாரும் எடுக்காவிட்டால் உடனே சித்தி வீட்டு எண்ணுக்குப் போடு, அங்கேயும் நான் இல்லை என்றால் தெருவில் இருக்கிறேன் என்று வைத்துக்கொள். இந்தக் காகிதத்தைப் பத்திரமாக வை. நாளைக்கு எந்த அதிகாரி அந்த ரிஜிஸ்டரைக் காட்டிக் கசிவு இல்லை என்று சொன்னாலும் இதைக் காட்டு, என் கையெழுத்தில் அதே கோடுதான், அதே இரண்டு புள்ளிதான், இரண்டும் ஒரே ஆள் போட்டதுதான் என்று தெரியும்.

இப்படிக்கு,
இந்த வருஷம் அந்தப் பாத்தியில் ஒரு சொட்டுத் தண்ணீரும் ஊற்றாத,
உன் அப்பா